பிழை பிடிக்கிற வீடு
அத்தியாயம் பதினொன்று

போன கிழமை பத்மாசினியை நாங்கள் விட்ட இடம் குசினி. அடுப்பில் கத்தரிக்காய் கருகிக்கொண்டிருந்தது. கையில் ஐந்தாவது பயிற்சித்தாள், அதிலே நாற்பதுக்கு இருபத்தைந்து. கருகல் மணம் சண்டிலிப்பாய்ச் சந்தி வரைக்கும் போய், பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் மூக்கைப் பொத்தினதாகக் கேள்வி. பத்மாசினிக்கு மட்டும் மணக்கவில்லை. அவளுடைய ஐம்புலனும் அந்த இருபத்தைந்துக்குள்ளே அடைபட்டுக் கிடந்தன.

வேண்டியது இருபத்தெட்டு. மூன்றே மூன்று குறைச்சல்.

இடையிலே வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு சொல். பத்மாசினி பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். வயது நாற்பத்து நாலு. இன்னும் பத்தொன்பது நாளில் நாற்பத்தைந்து. மணிலாவில் ஒரு பல்கலைக்கழகம் ஒரு வருடப் படிப்புக்குப் புலமைப்பரிசில் தருகிறது, நாற்பத்தைந்தைத் தொடாதவர்களுக்கு மட்டும். விண்ணப்பம் திங்கட்கிழமையோடு சரி. அதற்கு முன்னம் ஆங்கில இலக்கணச் சோதினையில் இருபத்தெட்டு எடுத்துக் காட்டவேண்டும். மூன்று தரம் எழுத விடுவார்கள். இரண்டு தரம் எழுதிவிட்டாள், இரண்டு தரமும் அதே இருபத்தைந்து. மூன்றாவது தரம் இன்றைக்கு, சனிக்கிழமை, பின்னேரம் இரண்டரைக்கு, யாழ்ப்பாணம் டவுனில்.

சோதினை என்றால் கட்டுரை எழுதுகிற சோதினை அல்ல. கம்பியூட்டரில் ஒரு நீட்டு வசனம் வரும். அதில் ஒரு துண்டுக்குக் கீழே கோடு கீறியிருக்கும். அதன் கீழே ஐந்து விடை. முதலாவது விடை, வசனத்தில் இருக்கிறதே, இருக்கிறபடி. மற்ற நாலும் அதைத் திருத்தின மாதிரி. எது சரியோ அதை அமத்த வேண்டும். அவ்வளவுதான். கேட்க எவ்வளவு லேசாக இருக்கிறது!

விடிய ஆறரைக்கு, இடியப்பப் பானையில் ஆவி கிளம்புகிற நேரம், மகள் நிவேதனா சாப்பாட்டு மேசையில் ஐந்து தாளையும் விரித்துப் போட்டு, மஞ்சள் பேனையால் பூசிக்கொண்டிருந்தாள். உயர்தரம் படிக்கிற பிள்ளை. தன்னுடைய புத்தகத்தை விரிக்கச் சொன்னால் தலையிடி வரும், தாயின் தாள் என்றால் விடியப்புறமே எழும்பிவிடுவாள்.

"அம்மா, ஒருக்கால் இஞ்சை வாங்கோ."

"இடியப்பம் அவியுது."

"அது தன்பாட்டிலை அவியும். நீங்கள் வாங்கோ. உங்கடை பிழையெல்லாம் ஒரே பிழை."

பத்மாசினி அகப்பையோடு வந்தாள்.

"ஐஞ்சு தாளிலையும் இருநூறு கேள்வி. அதிலை நாப்பத்தொரு கேள்விக்கு முதலாவது விடைதான் சரி. வசனத்திலை பிழையே இல்லை. நீங்கள் எத்தினை தரம் முதலாவது விடை போட்டிருக்கிறியள் தெரியுமோ?"

"எத்தினை?"

"ஒரு தரமும் இல்லை."

"சும்மா கதையாதை."

"எண்ணிப் பாருங்கோ. இருநூறு வசனம் வாசிச்சிருக்கிறியள், அம்மா. ஒரு வசனமாவது சரியாயிருக்கும் எண்டு உங்களுக்குத் தோன்றேல்லை."

பத்மாசினி எண்ணிப் பார்த்தாள். பிறகு எதிர்ப்பக்கமிருந்து எண்ணிப் பார்த்தாள். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் பூச்சியம் பூச்சியமாகவே வந்தது. அவளுக்கு விசர் வந்தது.

"பிழை இல்லாட்டி அதை ஏன் சோதினையிலை போடுறாங்கள்? வேலை வெட்டி இல்லாமலோ கோடு கீறினவங்கள்? கோடு கீறியிருக்கெண்டால் அதுக்குள்ளை ஏதோ இருக்கு!"

"சிலதிலை ஒண்டும் இல்லை. இருக்கோ இல்லையோ எண்டு பாக்கிறதுதான் சோதினை."

"கண்டறியாத சோதினை."

ஒரு தாளைப் பறித்து, மகள் மஞ்சள் பூசியிருந்த வசனத்தை வாசித்தாள். ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு ஆற்றின் மேலே, புல்லால் முறுக்கின கயிற்றில் பாலம் கட்டுகிற சனத்தைப் பற்றின வசனம். நாலு தரம் வாசித்தாள்.

"இதிலை பிழை இருக்கு."

"எங்கை?"

"எங்கையெண்டு தெரியேல்லை. ஆனால் இருக்கு."

"எப்பிடிச் சொல்லுறியள்?"

"பாக்க அவ்வளவு நல்ல பிள்ளை மாதிரி இருக்கு. அதுதான்."

நிவேதனா நெற்றியை மேசையில் வைத்துப் படுத்துவிட்டாள்.

பத்மாசினியில் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. பிறந்த வீடும் அப்படி, புகுந்த வீடு அதற்கு மேலே. இந்த வீட்டுக்கு ஒரு கலியாணக் கார்டு வந்தால், ஆருக்குக் கலியாணம் என்று பார்க்கமாட்டார்கள், எந்த எழுத்துப் பிழை என்று பார்ப்பார்கள். காலைப் பேப்பரில் மரண அறிவித்தலை வாசித்தால், செத்தவருக்கு அழ முன்னம், பெறாமக்கள் வரிசையில் ஆருடைய பேர் விடுபட்டது என்று தேடி முடிப்பார்கள். அழுகை அதற்குப் பிறகுதான், நேரம் மிஞ்சினால். தாலி ஏறின கையோடு பத்மாசினி புருசனிடம் சொன்ன முதல் வார்த்தை, "உங்கடை சால்வை புரண்டு கிடக்கு" என்பதுதான். வீடியோவில் இருக்கிறது. வேண்டுமானால் போய்ப் பார்க்கலாம்.

அப்படிப்பட்டவளை எட்டு மணித்தியாலத்துக்குள் எப்படித் திருத்துவது? நிவேதனா தலையை நிமிர்த்தினாள். கண்ணில் ஒரு வெளிச்சம்.

"அம்மா, இண்டைக்கு உங்களுக்கு விரதம்."

"என்ன விரதம்? சனி விரதம் புரட்டாதியிலை."

"பிழை பிடிக்காத விரதம். சோதினைக்குள்ளை போகும்வரைக்கும் ஆரிலையும் ஒண்டிலையும் பிழை பிடிக்கக் கூடாது. வாயாலை மட்டுமில்லை, மூஞ்சையாலையும் கூடாது. எது எப்பிடி இருக்கோ அது அப்பிடியே இருக்கட்டும். மூளை அதுக்குப் பழகவேணும்."

கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் மிளகும் தண்ணியுமாக இருக்கிறவள் பத்மாசினி. ஆறாம் நாள் சூரன்போர் பார்க்க நடந்து போய், நடந்தே வருவாள். இது என்ன பெரிய வேலை?

"இருந்து காட்டுறன்," என்றாள்.

நேரம் ஆறு ஐம்பது.

ஆறு ஐம்பத்தைந்துக்குப் புருசன் குகதாசன் வந்தார். வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணி மாறிவிட்டு, கிணற்றடியில் குளித்து, சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். சேட்டின் பொத்தான் ஒன்று இடம் மாறிப் பூட்டிக் கிடந்தது. ஒரு பக்கக் கழுத்து மேலே, ஒரு பக்கக் கழுத்து கீழே.

பத்மாசினி பார்த்தாள். பார்க்காமல் விட்டாள். திரும்பிப் பார்த்தாள். இடியப்பம் வைக்கக் குனிந்தபோது பார்த்தாள், சொதி ஊற்றும்போது பார்த்தாள். அந்தப் பொத்தான் வளர்ந்து வளர்ந்து, நல்லூர்த் தேர்ச்சில்லு அளவுக்கு வந்து, அவளுடைய கண்ணுக்கு முன்னாலே உருண்டுகொண்டு நின்றது.

"என்ன, ஒரு மாதிரி நிக்கிறீர்?" என்றார் குகதாசன்.

"ஒண்டுமில்லை. வடிவாயிருக்கிறியள்."

இருபத்திரண்டு வருசத்தில் கேட்டிராத வார்த்தை. குகதாசன் இடியப்பத்தைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். "அம்மாவுக்குக் காய்ச்சலோ?"

"விரதம், அப்பா." நிவேதனா விளக்கம் சொன்னாள்.

குகதாசன் முழுவதையும் கேட்டார். சிரித்தார். பொத்தானைக் கழற்றிச் சரியாகப் பூட்டினார். அப்படியானால் மனிசனுக்குத் தெரிந்தே இருந்ததோ? பத்மாசினி பல்லைக் கடித்தாள்.

சம்பல் வந்தது. அன்றைக்குச் சம்பல் இடித்தது நிவேதனா. உப்பு எவ்வளவு என்றால், கீரிமலை நல்லதண்ணிக் கேணியை விட்டுப்போட்டு அதற்கு அந்தப் பக்கத்துக் கடல்தண்ணியை அள்ளி உரலில் ஊற்றியிருக்கிறாள். பத்மாசினி ஒரு வாய் வைத்தாள். கண்ணில் தண்ணி வந்தது. விழுங்கினாள்.

"எப்பிடி, அம்மா?"

"சம்பல்."

"நல்லாயிருக்கோ?"

"சம்பல் எண்டு சொன்னன்."

எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி. வளவு கூட்டின தும்புத்தடி தலைகீழாய் நின்றது, சும்மா இருந்தாள். ரேடியோவில் ஒருத்தி 'ழ'வை 'ள' ஆக்கி வாசித்தாள், பத்மாசினி எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்றாள். அலுவலகத்திலிருந்து ஒரு பொடியன் போன் எடுத்து, திங்கட்கிழமைக் கூட்டத்துக்குச் செவ்வாய்க்கிழமைத் திகதியைச் சொன்னான். "ஓம், ஓம்," என்று வைத்தாள்.

பத்து முப்பத்தைந்துக்கு வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளாலே மச்சாள் வந்தாள்.

மச்சாள் என்றால் அருமைநாயகி, குகதாசனின் தமக்கை, பக்கத்து வளவு. முப்பத்தாறு வருசம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளின் கொப்பியில் அவள் போட்ட சிவப்புப் பிழைக்கோடுகளை முடிச்சுப் போட்டு நீட்டினால் பருத்தித்துறைக்குப் போய்த் திரும்பி வரலாம். பத்மாசினி பிழை பிடிப்பதில் கெட்டிக்காரி என்றால், அந்தக் கலையில் அருமைநாயகி பல்கலைக்கழகம்.

"உந்தச் சீலையையோ உடுக்கப் போறாய்?" கொடியில் கிடந்த சீலையைப் பார்த்தபடியே வந்தாள். "உது செத்த வீட்டுக்கு உடுக்கிற நிறமெல்லே. முத்தமும் வடிவாய்க் கூட்டேல்லை. உவள் பெட்டை ஏன் இன்னும் தலைமயிரை வாரி இழுக்காமல் இருக்கிறாள்?"

நிவேதனா, மாமி பார்க்காத பக்கமாகத் தாயைப் பார்த்து, வாயில் விரல் வைத்தாள்.

"இருங்கோ மச்சாள். தேத்தண்ணி போடுறன்," என்றாள் பத்மாசினி.

"சீனி குறைச்சுப் போடு. போனமுறை பாணி மாதிரி இருந்தது. பேந்து, சோதினைக்கு என்ன ஆயத்தம்?"

நிவேதனா தன்னுடைய கண்டுபிடிப்பைச் சொன்னாள். முதலாவது விடையும் சரியாக வரலாம், அம்மா அதைப் போடப் பழகவேணும் என்று.

அருமைநாயகி உதட்டைச் சுழித்தாள். "முதல் விடையோ? உள்ளதை உள்ளபடி போடுறதெண்டால் படிப்பு என்னத்துக்கு? அது கடைசி வாங்கிலை இருக்கிறதுகள் போடுற விடை. என்ரை வகுப்பிலை ஒருத்தன் இருந்தவன், எல்லாத்துக்கும் முதல் விடைதான். இப்ப என்ன செய்யிறான் தெரியுமோ?"

"என்ன செய்யிறார், மாமி?"

"கனடாவிலை ஏழு கடை வைச்சிருக்கிறான். அது வேறை கதை."

பத்மாசினி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். நாக்கைப் பல்லுக்குள்ளே வைத்துப் பூட்டியிருந்தாள்.

"எனக்கு உதிலை விருப்பமில்லை, பத்மா. முகத்துக்கு நேரை சொல்லுறன். பெம்பிளைப் பிள்ளை ஏ.எல் எடுக்கிற வருசம். என்ரை தம்பி தோட்டத்தாலை வந்து இடியப்பம் புழியவோ? இந்த வயதிலை என்ன படிப்பு? படிக்கிறதெண்டால் கலியாணத்துக்கு முன்னம் படிச்சிருக்கவேணும்."

நாக்கு பூட்டை ஆட்டிப் பார்த்தது. பூட்டு நின்றது.

"அண்டைக்கே எனக்குத் தெரியும்," என்றாள் அருமைநாயகி, தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு. "ஆவணி மாதம் உங்கடை கலியாணத்தண்டு மழை அடிச்சு ஊத்தேக்கையே நினைச்சனான், இந்த வீட்டிலை..."

"ஆனி!"

கோடியில் படுத்திருந்த நாய் எழும்பி ஓடியது.

"ஆனி இருபத்தொண்டு! ஆவணியில்லை! மழையுமில்லை, வெயில்! ஐயர் வேர்வையிலை தோஞ்சு போய் இருந்தவர்! பந்தலுக்கு முன்னாலை தார் ரோட்டே உருகிக் கிடந்தது! மழை பெய்தது உங்கடை கலியாணத்துக்கு, மச்சாள்! ஐப்பசி ஒன்பது! சாம்பாருக்குள்ளை தண்ணி ஒழுகினது! சீனி குறைச்சுப் போட்டது போனமுறை, கூடிப்போனது அதுக்கு முந்தினமுறை! அந்தத் தும்புத்தடி தலைகீழாய் நிக்குது! சம்பலிலை உப்பு!"

ஒரே மூச்சில் நாலு மணித்தியாலத்துப் பாக்கியும் தீர்ந்தது. அருமைநாயகி தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே இருந்தாள். அவளுடைய முகத்தில் கோபம் இல்லை. கனகாலத்துக்குப் பிறகு தன் சாதிக்காரி ஒருத்தியைக் கண்ட சந்தோசம் போலத்தான் இருந்தது.

"ஐப்பசி ஒன்பதுதான்," என்று ஒத்துக்கொண்டு, வந்த வழியால் போனாள்.

"முறிஞ்சுது," என்றாள் நிவேதனா, மணிக்கூட்டைப் பார்த்து. "பத்து ஐம்பத்திரண்டு."

பத்மாசினி கதிரையில் தொப்பென்று இருந்தாள். "என்னாலை ஏலாது, பிள்ளை. விடு. இருபத்தைஞ்சுதான் எனக்கு எழுதினது."

குகதாசன் வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "முறிஞ்சால் திரும்பத் தொடங்கலாம்தானே. இன்னும் நேரம் கிடக்கு."

தொடங்கினாள்.

ஒன்றே காலுக்கு வெளிக்கிட்டார்கள். சோளகக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. சண்டிலிப்பாயிலிருந்து மானிப்பாய் தாண்டி டவுனுக்குப் போகிற வழியில் கடைப் பலகைகள் ஐம்பது இருக்கும். அதில் நாற்பத்தொன்பதில் பிழை, ஐம்பதாவது வெயிலில் எழுத்து அழிந்து கிடந்தபடியால் தப்பியது. பத்மாசினி கண்ணை மூடிக்கொண்டு புருசனின் முதுகுக்குப் பின்னாலே இருந்தாள். சிக்னல் லைற் மானிப்பாயில் போட்டது, ஆனைக்கோட்டை தாண்டியும் 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டே வந்தது. அவள் வாய் திறக்கவில்லை. பின்னாலே வந்த லொறிக்காரன்தான் திறந்தான்.

சோதினை நிலையம் ஒரு மாடிக்கட்டடத்தின் இரண்டாம் தட்டு. காப்பு, மணிக்கூடு, கைக்குட்டை, தண்ணிப்போத்தில் எல்லாவற்றையும் வாங்கி ஒரு லாச்சிக்குள் பூட்டினாள் அங்கே நின்ற பிள்ளை. குளிரூட்டி போட்டிருந்த அறை. பத்துக் கம்பியூட்டர். பத்துப் பேரில் ஒன்பது பேர் அவளுடைய மகளின் வயது. நாற்பது கேள்வி, ஐம்பது நிமிசம். ஒரு விடையை அமத்தி அடுத்ததுக்குப் போனால் திரும்பி வர ஏலாது.

முதலாவது வசனம் தேனீக்களைப் பற்றி. பிழை பளிச்சென்று தெரிந்தது. அமத்தினாள். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது எல்லாம் பிழைகள், நல்ல கொழுத்த பிழைகள். வெங்காயத்துக்குள் புல்லுப் பிடுங்குகிற மாதிரிப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டாள். உசார் வந்தது.

ஆறாவது ஒரு திமிங்கிலம்.

ஏதோ ஒரு வெப்பக் கடலில் கன்று போட்டு, ஏதோ ஒரு குளிர்க் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகிற திமிங்கிலம். வாசித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. திரும்ப வாசித்தாள். தலையிலிருந்து வாசித்தாள், வாலிலிருந்து வாசித்தாள். அந்த வசனம் வெள்ளை வேட்டி கட்டி, வீபூதி பூசி, கையைக் கட்டிக்கொண்டு அவளைப் பார்த்தது.

இரண்டாவது விடையை அமத்துவோமோ? அதில் ஒரு சொல் அதிகம். படித்த மாதிரித் தெரிந்தது. நாலாவது இன்னும் நீளம், இன்னும் மரியாதை. விரல் நாலாவதுக்குப் போனது. போன விரலை இழுத்தாள். திமிங்கிலம் தன்பாட்டில் போகுது. போக விடு, பத்மா. போக விடு.

முதலாவதை அமத்தினாள். நெஞ்சு பக்குப் பக்கென்று அடித்தது. கள்ளுக்கொட்டிலுக்குள் முதல் காலை வைத்தவளுக்குக்கூட அப்படி அடித்திராது.

ஏழாவதிலும் பிழை தெரியவில்லை. சரி, போகட்டும், முதலாவது.

எட்டாவதிலும் தெரியவில்லை.

இப்போது அவளுக்குச் சந்தேகம் பிடித்தது. மூன்று பேர் வரிசையாக நல்லவர்களாக இருந்ததை இந்த யாழ்ப்பாணத்தில் ஆர் கண்டது? இது கண்ணியல்லோ? சோதினை வைக்கிறவன் மேசைக்குக் கீழே இருந்து சிரிக்கிறான். எட்டாவது வசனத்தை ஒன்பது தரம் வாசித்தாள். மூன்றாவது விடையை அமத்தினாள், அடுத்ததுக்குப் போக முன்னம் எடுத்தாள். ஐந்தாவதை அமத்தினாள், எடுத்தாள். குளிர் அறையில் பிடரியால் வேர்வை ஓடியது. மூலையிலே நேரம் ஓடியது, அது வேர்வையை விடக் கெதியாக.

கண்ணை மூடினாள். 'எனக்கு இதிலை ஒரு பிழையும் தெரியேல்லை,' என்று மனசுக்குள்ளே சொல்லிப் பார்த்தாள். நாற்பத்து நாலு வருசத்தில் ஆரையும் பார்த்துச் சொல்லாத வசனம். சொன்னதற்கு வானம் இடிந்து விழவில்லை. முதலாவதை அமத்தினாள்.

ஆனால் அந்த ஒரு கேள்வி ஏழு நிமிசத்தைத் தின்றுவிட்டது. பிறகு ஓட்டம்தான். முப்பதாவது கேள்வி வரும்போது எட்டு நிமிசம் மிச்சம். முப்பத்தைந்தாவது வரும்போது மூன்று. கடைசிக் கேள்வியில் என்ன வந்தது, எரிமலையோ எலியோ, இன்றைக்குக் கேட்டாலும் அவளுக்குத் தெரியாது. எதையோ அமத்தினாள். திரை வெள்ளையாகியது.

ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த வட்டம் சுற்றி முடிகிறதற்குள் அவள் மணிலாவுக்குப் போய், படித்து, பட்டமும் எடுத்து, பிளேனில் திரும்பி வந்துவிட்டாள். வட்டம் நின்றது.

இருபத்தெட்டு.

ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை.

பத்மாசினி அந்த எண்ணைப் பார்த்தாள். இடது பக்கமாகத் தலையைச் சரித்துப் பார்த்தாள். அங்கே நின்ற பிள்ளையைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"தங்கச்சி, உது சரியோ?"

"சரி, மிஸ். பிரிண்ட் எடுத்துத் தாறன்."

"வடிவாய்ப் பார்த்துச் சொல்லும்."

"இருபத்தெட்டுத்தான், மிஸ்."

படியால் இறங்கினாளோ பறந்தாளோ, அவளுக்கே தெரியாது. குகதாசன் ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்தில், பூட்டிக் கிடந்த ஒரு கடையின் நிழலில், மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு கச்சான் கடலை உடைத்துக்கொண்டு நின்றார். காலடியில் கோதுகள் ஒரு சின்ன மலை.

"காணும்," என்றாள் பத்மாசினி. மூச்சு வாங்கியது. "இருபத்தெட்டு. கேட்டதுக்குக் காணும்."

"காணுமோ?"

"காணும்!"

குகதாசன் சிரித்தார். உண்மையான சிரிப்பு, கண்ணுக்குள்ளே போன சிரிப்பு. கையில் மிச்சமிருந்த கச்சானை அவளுடைய கையில் கொட்டினார். போனை எடுத்து வீட்டுக்கு அடித்து, அவளிடம் நீட்டினார். நிவேதனா போட்ட கூச்சல், போன் இல்லாமலே சண்டிலிப்பாயிலிருந்து டவுனுக்குக் கேட்டிருக்கும். அந்தக் கூச்சலுக்குள்ளே "கேட்டனான், கேட்டனான், சீலை பரவாயில்லை எண்டு சொல்லு," என்று மச்சாளின் குரலும் கேட்டது.

போனை வைத்த கையோடு பத்மாசினிக்குக் கதை பொங்கியது. கச்சானைச் சாப்பிட்டபடியே கதைத்தாள்.

"திங்கள் விடியவே விண்ணப்பம் அனுப்புவன். ஆடிக் கடைசியிலை வெளிக்கிடவேணும் எண்டு போட்டிருக்கு. லீவுக் கடிதத்துக்கு போன கிழமையே எழுதிக் குடுத்திட்டன். நிவேதனான்ரை சோதினைக்கு நான் போனிலை சொல்லிக் குடுப்பன். மத்தியானத்துக்கு மச்சாள் சமைப்பா, புறுபுறுத்தாலும் சமைப்பா. இராவைக்கு நீங்கள் இடியப்பம் வாங்கலாம், புழியத் தேவையில்லை. ஒரு வருசம்தானே, கண்ணை மூடித் திறக்கப் போயிடும். அதுதான் நீங்களும் அண்டைக்கே ஓம் எண்டனியள்தானே."

"எப்ப?" என்றார் குகதாசன்.

"என்ன எப்ப?"

"நான் ஓம் எண்டது எப்ப?"

பத்மாசினி வாயைத் திறந்தாள். திகதி நாக்கு நுனியில் நிற்கும், எப்போதும் நிற்கும். கலியாணத்தன்று வெயில், மச்சாளின் கலியாணத்தன்று மழை, புருசன் அரிசி மூட்டையை ஈரத்தில் வைத்தது எந்த மாரி, எந்த வெள்ளிக்கிழமை, எல்லாம் அவளுக்குள்ளே அடுக்கிக் கிடக்கிறது. அந்த அடுக்கெல்லாம் தேடினாள். விண்ணப்பம் வந்த நாள் இருந்தது. அவருக்கு வாசித்துக் காட்டின இரவு இருந்தது. அவர் "ம்" என்றது இருந்தது. அவர் மோட்டார் சைக்கிளைத் துடைத்து வைத்தது இருந்தது. ஓம் என்ற நாளைக் காணவில்லை.

"நீர் எனக்குப் படிவத்தைக் காட்டினீர்," என்றார் குகதாசன். குரலில் கோபம் ஒரு துளியும் இல்லை, அதுதான் அவளுக்குப் பயமாயிருந்தது. "திகதி சொன்னீர். எத்தினை மணிக்கு மோட்டார் சைக்கிள் வேணும் எண்டு சொன்னீர். நான் ஏத்திக்கொண்டு வந்தனான், மூண்டு தரமும். நீர் இண்டைக்குச் சித்தியடைய வேணும் எண்டு இஞ்சை நிண்டு வேண்டினதும் உண்மை. ஆனால் என்னட்டை ஒருக்காலும் கேக்கேல்லை, பத்மா."

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லைத்தானே..."

"ஓம். போகாதையும் எண்டு நான் ஒரு நாளும் சொல்லேல்லை." அவர் கோதுகளைக் காலால் ஒரு பக்கத்துக்கு ஒதுக்கினார். "போம் எண்டும் இன்னும் சொல்லேல்லை."

எஞ்சினைப் போட்டார். புழுதி கிளம்பியது.

"ஏறும். வீட்டை போய்க் கதைப்பம்."

பத்மாசினி கையில் கச்சானோடு, கக்கத்தில் இருபத்தெட்டு என்று அடித்த கடதாசியோடு, ரோட்டோரத்தில் நின்றாள். மோட்டார் சைக்கிள் இரைந்துகொண்டே நின்றது. அவள் ஏறவில்லை.